தென்துருவத்தில் ஆசிரியருக்கு எதற்குப் படுக்கை?

கரும்பலகை:
துருவ ஆய்வுக் குழுக்களோடு பள்ளி ஆசிரியர்களை அனுப்பிய அமெரிக்காவின் போலார்டிரெக் திட்டத்தைப் பற்றி, "ஓர் ஆசிரியர் போனால் ஒரு விஞ்ஞானியின் படுக்கை பறிபோகிறது" என்று நண்பர் அளவுகோல் நேற்று இந்த இணைய மன்றத்தின் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருப்பதற்கில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2007இல் தொடங்கிய இத்திட்டத்தில், ஆசிரியர்கள் சில வாரங்கள் குழுவோடு தங்கி வேலை செய்தார்கள். இதனால் எந்த விஞ்ஞானி படுக்கையின்றிப் பனியில் கிடந்தார்?

அளவுகோல்:
கோபத்தை விட்டுக் கணக்கைப் பாருங்கள். தென்துருவத்தின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் கோடையிலேயே சுமார் 150 பேருக்குத்தான் இடம். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்பதால், அங்கே குளியலே வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம். அந்த 150இல் ஒன்று ஆசிரியருக்குப் போனால் மீதி 149. இந்தக் கழித்தலுக்கு 31 ஆண்டு இயற்பியல் தேவையில்லை.

கரும்பலகை:
அந்த 150 பேரில் சமையல்காரர், தச்சர், வண்டி பழுதுபார்ப்பவர் எல்லோரும் அடக்கம். அவர்களுடைய படுக்கைகளை எண்ணாத உங்கள் விரல், ஆசிரியர் வந்ததும் ஏன் மடங்குகிறது? அதே இடத்தில்தான் பனிக்கட்டியில் சுடுநீரைப் பாய்ச்சி ஏறத்தாழ 2,450 மீட்டர் ஆழத்துக்கு 86 துளைகள் போட்டு, துளைக்கு 60 வீதம் 5,160 உணர்விகளை இறக்கி, 2010 டிசம்பரில் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தை முடித்தார்கள். அந்தக் குழுவோடும் ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள். நியூட்ரினோவைப் பாடநூலின் ஒற்றை வரியாக ஒப்பித்த பிள்ளைக்கு, அந்தப் பனிமேல் நின்று வந்தவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றாகாது.

பனிக்குல்லா:
கழித்தல் பாடம் எடுக்கும் இதே அளவுகோல்தான், துருவக்கரடி பென்குயினைத் தின்று வாழ்கிறது என்று போன மாதம் எழுதியவர். கரடி வடக்கே, பென்குயின் தெற்கே என்று சொன்ன பிறகும், "மிருகக்காட்சிச் சாலையில் தின்னலாமே" என்று இரண்டு நாள் வாதாடினார்.

அளவுகோல்:
அது அவசரத்தில் எழுதியது என்று அன்றே விளக்கிவிட்டேன். பனிக்குல்லாவுக்குப் பழைய பகை தீரவில்லையென்றால் தனியாக ஓர் இழை தொடங்கிக்கொள்ளட்டும். என் படுக்கைக் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை. விஞ்ஞானியே காணொலியில் வகுப்பெடுத்தால் 150 அப்படியே 150 ஆக இருக்கும்.

பனிக்குல்லா:
விளக்கவில்லை, அந்தப் பதிவை அழித்தீர்கள்.

கரும்பலகை:
விஞ்ஞானி வகுப்பெடுத்த அழகையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்த முனைவர் ஒருவர் 40 நிமிடம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி சமன்பாடுகளை எழுதித் தள்ளினார். சந்தேகம் உண்டா என்று அவர் திரும்பிக் கேட்டபோது, கடைசி வரிசைப் பையன் எழுந்து, "ஐயா, மணி அடிக்கிறவர் இன்னைக்கு லீவா?" என்றான். அதுவும் இருக்கட்டும். ஆசிரியர்கள் எல்லோரும் தென்துருவத்துக்கா போனார்கள்? அலாஸ்காவின் டூலிக் ஏரிக்கரை ஆய்வு நிலையத்துக்கும் போனார்கள், பனியுடைப்புக் கப்பலிலும் ஏறினார்கள். அங்கெல்லாமும் 150 என்றுதான் எண்ணி வைத்திருக்கிறீர்களா?

அளவுகோல்:
கப்பலிலும் மனிதர்கள் படுக்கையில்தான் தூங்குகிறார்கள், ஐயா. எண் மாறலாம், கழித்தல் மாறாது.

பனிக்குல்லா:
கப்பலில் பென்குயினுக்கும் ஒரு படுக்கை போடச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
பனிக்குல்லா, நீங்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். இவர் நழுவுவதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். அளவுகோல் அவர்களே, மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். படுக்கை இழந்த விஞ்ஞானி ஒருவரையாவது காட்டுங்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்.

அளவுகோல்:
149.