சைக்கிள் பாதையில் ஆணி தூவியதில் மாட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சக்கரம்09:
2009 எட்டாப் கலிடோனியா, ஸ்காட்லாந்தில் நடந்த சைக்கிள் ஓட்டம். பிட்லாக்ரியில் கிளம்பி 81 மைல். அந்த ஆணி வருஷம்தான், இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். முன்டயர் உஸ்ஸென்று இறங்கியது. பிடுங்கிப் பார்த்தால் கார்ப்பெட்டுக்கு அடிக்கிற குட்டி ஆணி. ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஸ்பேர் ட்யூப் இருக்கிறதா?" என்று கேட்டார். பையில் இன்னொன்று இருந்தது. இன்னும் எத்தனை ஆணி கிடக்கிறதோ என்ற பயத்தில் இல்லை என்றேன். "பரவாயில்லை" என்று அடுத்த ஆளிடம் போனார். ஒன்றரை மணி நேரம் போல எல்லோரையும் நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் எனக்கு எதிரே புல்லில் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும்வரை அந்த ட்யூப் பையிலேயே கிடந்தது.

மேட்டுக்காற்று:
2012 டூர் டி பிரான்ஸ் பந்தயம், ஃபுவா நகரில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பெகேர் மலை உச்சியில் எவன்ஸ் பஞ்சரான சைக்கிளோடு நிற்பதைத் திரையில் காட்டினார்கள். முந்தைய வருஷத்து சாம்பியன், அணியின் கார் வரவில்லை, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்த முகம் மறக்கவில்லை. முப்பது பேருக்குப் பஞ்சர். கிஷெர்லோவ்ஸ்கி என்ற வீரருக்குக் காறை எலும்பே முறிந்தது. முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த விக்கின்ஸ் வேகத்தைக் குறைத்து எவன்ஸ் வந்து சேரும்வரை காத்திருந்தார். அந்தக் காலத்தில் இப்படி வக்கிரம் கிடையாது.

பழையகேரியர்:
எந்தக் காலத்தில், மேட்டுக்காற்று? 1904 டூரிலேயே ஆணி தூவினார்கள். செயின்ட் எட்டியன் பக்கம் இரவில் கூட்டமாக வந்து வீரர்களை அடித்தார்கள். அந்த வருஷம் முதல் நான்கு பேரின் தகுதியும் பறிபோய், 19 வயது ஆன்ரி கோர்னேக்கு வெற்றி போனது. பழசு என்றால் எல்லாம் நல்லது என்று எழுதாதீர்கள்.

என் கதை சின்னது: கிளப் ரேஸில் இறக்கத்தில் இரண்டு டயரும் போயின, கீழே விழுந்தேன், முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சக்கரம், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள். ஆணியைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் சீலண்ட் திரவம் ஊறி அடைத்துவிடும். ட்யூப்தான் என்றால் புதுசைப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். முனை உள்ளேயே இருந்தால் அதுவும் போய்விடும். வெறும் விரலை விடாதீர்கள், கிழித்துவிடும். அப்புறம் பஞ்சர் ஒட்டும் பேட்ச் ஒரு அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். இரண்டு ட்யூப் தூக்கிக்கொண்டு போவதைவிட அது லேசு.

சக்கரம்09:
நன்றி. நான் டயரைப் பற்றிக் கேட்கவில்லை. வெள்ளைத் தாடி, ஸ்டீல் பிரேம் சைக்கிள், மேலே பச்சை மழைக்கோட்டு. அன்றைக்கு அவருக்கு யாராவது ட்யூப் கொடுத்திருந்தால் இங்கே எழுதுங்கள்.