பெட்ரோவாட்ஸ் க்ளோபாசா: அளவு, புகை, கெட்டுப்போகும் இடங்கள்

செர்பியாவின் வொய்வோதினா மாகாணத்தில் உள்ள பாச்கி பெட்ரோவாட்ஸ், 1745-இல் ஸ்லோவாக் லூத்தரன் குடும்பங்கள் குடியேறிய ஊர். அவர்கள் போடும் சாசேஜுக்குப் பெயர் க்ளோபாசா. குளிர்காலத்தில் பன்றி அறுத்தவுடன் போடுவார்கள்.

10 கிலோ கலவையில் 8 கிலோ இறைச்சி, 2 கிலோ கொழுப்பு. அதற்குக் காரமான சிவப்பு மிளகாய்த்தூள் 250 கிராம், உப்பு 180, அரைத்த பூண்டு 20, கேரவே விதை 20, சர்க்கரை 15. கேரவே பார்வைக்குச் சீரகம் மாதிரி இருக்கும், வாசனை வேறு. சீரகம் போட்டால் ருசியே மாறிவிடும். இறைச்சியின் சிவப்பைக் காக்கும் நைட்ரைட் உப்பு சேர்ப்பதில்லை, சிவப்பு முழுக்க மிளகாயிலிருந்து வருவது. அதனால் தூளில் கஞ்சத்தனம் கூடாது, பழைய தூளும் ஆகாது.

———

அளவு சரிதான். ஆனால் க்ளோபாசா கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. குடலில் அடைக்கும்போது காற்று நின்றால் அந்த இடம் உள்ளே சாம்பல் நிறமாகிக் கெட்டுவிடும். குமிழி தெரிகிற இடத்தில் ஊசியால் குத்தி, கையால் அழுத்திவிட வேண்டும்.

அடைத்த கையோடு புகையில் தொங்கவிடாதீர்கள். ஈரத்தோலில் கரி அப்பிக் கசக்கும், ஓர் இரவு மேல்தோல் உலரட்டும். பிறகு குளிர்ந்த புகைதான், செர்ரி மாதிரிப் பழமரக் கட்டையில், நடுநடுவே இடைவெளி விட்டுப் பத்து நாள் வாக்கில். சூடேறினால் கொழுப்பு உருகி வழியும்.

அவசரப்பட்டு வேகமாகக் காயவைப்பதுதான் பெரிய தப்பு. வெளித்தோல் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். வெட்டினால் ஓரத்தில் கறுத்த வளையம், நடுவில் கொழகொழப்பு, புளித்த வாடை. அதைச் சரிசெய்யவே முடியாது. முதல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்வரை இருட்டான, குளிர்ந்த அறையில் பொறுமையாகத் தொங்க வேண்டும்.

———

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் குலென் என்று ஒன்றும் இருக்கும், அது பருமனான குடலில் அடைத்தது, வேறு சரக்கு. பெட்ரோவாட்ஸ் க்ளோபாசாவுக்குச் செர்பியாவில் புவிசார் குறியீடு உண்டு, சீட்டில் பாருங்கள். அங்கே ஸ்லோவாக் ஆட்சி மொழிகளில் ஒன்று என்பதால் ஊர்ப் பெயர்ப்பலகையும் அந்த மொழியில் இருக்கும். “தோப்ரி தேன்” என்று வணக்கம் சொல்லிக் கேளுங்கள், முகம் மலர்ந்து ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். நடுவிலிருந்து வெட்டச் சொல்லுங்கள், உலர்ந்த பதம் அங்கேதான் தெரியும்.