வட ஆற்காட்டுக் கதைகள்: கைப்பிரதி பார்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

குடியாத்தத்திலிருந்து:

புதிய எழுத்தாளர்களின் கைப்பிரதியில் முதலில் அடிபடுவது இந்த வட்டாரத்துப் பேச்சுமொழி. ‘வந்துகினு கீறான்’ என்று எழுதியது அச்சில் ‘வந்துட்டு இருக்கான்’ ஆகிவிடும். மெய்ப்பு பார்ப்பவர்மேல் தப்பில்லை. ‘கீது’, ‘இன்னா’ என்றாலே அவருக்கு சினிமா காமெடியில் கேட்ட மெட்ராஸ் பாஷைதான் ஞாபகம் வரும். அதனால் கைப்பிரதியோடு ஒரு பக்கச் சொல்பட்டியல் வைக்கச் சொல்லுங்கள்: வட்டாரச் சொல், பக்கத்தில் பொருள், கீழே ‘இவற்றை மாற்ற வேண்டாம்’. பட்டியல் போடும்போதே எழுதியவரின் தடுமாற்றமும் வெளியே வரும். ஒரே பாட்டி மூன்றாம் பக்கத்தில் ‘கீது’ என்பார், முப்பதாம் பக்கத்தில் ‘இருக்குது’ என்பார். வாத்தியார் எதிரில் பேச்சை மாற்றிக்கொள்கிறார் என்றால் சரி. சும்மா மாறினால் திருத்துபவர் எல்லாவற்றையும் பொதுத்தமிழாக்கிவிடுவார்.

வழிகாட்டுபவரும் உரையாடலில் பேனா வைக்கக் கூடாது. ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதினால் போதும்: ‘இதை யார், யாரிடம் சொல்கிறார்?’

ஆம்பூரிலிருந்து:

தோல் பதனிடும் கதைகள் நிறைய வருகின்றன, பாதியில் தொழில் தப்பு. நாயகன் தொட்டியில் இறங்கி ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் புரட்டுவான், அடுத்த பத்தியில் நீலத் தோலை அடுக்குவான். பட்டையில் ஊறிய தோல் பழுப்பாகத்தான் வரும். நீலம் குரோம் உப்பு போட்டுச் சுழலும் டிரம்மிலிருந்து வருவது, அதுவும் 1970-களுக்குப் பிறகுதான் இங்கே பரவலானது. சுண்ணாம்புக் குழி இரண்டுக்கும் பொது. அது முடியைக் கழற்ற. இந்த வரிசை தெரியாமல் எழுதினால் உள்ளூர்க்காரர் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

அதைவிடப் பெரிய குறை, தலித் பாத்திரம் என்றால் குழி, நாற்றம், சாவு என்றே நிறுத்திவிடுவது. ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கே? சீட்டுப் பிடிப்பவர், சூப்பர்வைசரை மடக்கிக் கேட்பவர் எங்கே? வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டுக்குள் ‘வாப்பா, உம்மா’ போடுவதும் இதே சோம்பல்தான். அப்பா, அம்மாவை அப்படிக் கூப்பிடுவது கடற்கரை ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களின் பேச்சு.

அந்தந்தச் சமூகத்தவரிடம் படிக்கக் கொடுப்பதானால் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒருவரே சமூகம் முழுக்க ஆகிவிட மாட்டார். சன்மானம் எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லாதான் கீது’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எது நடக்காது?’ என்று கேளுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

பதிப்பாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் கட்டத்தில் எழுத்தாளரோடு யாரும் கூட இருப்பதில்லை, அங்கேதான் வழிகாட்டி தேவை. ‘சகல உரிமைகளும்’ என்ற வரியை அடித்துவிட்டு அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எனத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. அந்த ‘ஒழிய’ பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.