கிளாசிக் 350, ஒருநாள் ரைடு: டூல் கிட்ல என்ன வைக்கலாம்?

உறையூர்க்காரன் கேட்டது:

வணக்கம் மக்களே. திருச்சியில இருக்கேன். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஜே சீரிஸ் எஞ்சின், ஸ்போக் வீல், ட்யூப் டயர். ஞாயிறு ஆனா விடியக்காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி சுத்துவேன். பச்சமலை, கொல்லிமலை, எப்பவாவது தரங்கம்பாடி. அந்த வட்டம்தான், லடாக் போற ஆள் இல்ல.

டூல் கிட்னு ஆன்லைன்ல தேடினா 46 பீஸ் சாக்கெட் செட்டைத் தலையில கட்டப் பாக்குறாங்க. வீடியோல ஒருத்தர் பை நிறைய அடுக்கிக் காட்டுறார், அதைத் தூக்கவே தனியா ஒரு ஆள் வேணும். எனக்கு அவ்வளவு வேண்டாம். பின் சீட்ல கட்டுற சின்னப் பை ஒண்ணுல அடங்கணும். மெக்கானிக் வேலையும் பெருசா தெரியாது. செயின் டைட் பண்ணுவேன், பிளக் கழட்டித் துடைப்பேன், அவ்வளவுதான்.

மலை மேல மாட்டிக்கிட்டா அடிவாரம் வந்து சேர்ற அளவுக்கு என்ன வேணும்? பஞ்சரை நினைச்சாதான் எனக்குப் பக்குனு இருக்கு.

---

துறையூர் பஞ்சர் கடை சொன்னது:

பயப்பட வேண்டியதுக்குத்தான் பயப்படுறீங்க தம்பி. எங்கப்பா ஆரம்பிச்ச பஞ்சர் கடையை இப்ப நான் பார்த்துக்கிறேன். பச்சமலை போயிட்டு வர்ற வண்டிங்க எங்க வாசல்ல நிக்காம போறதில்ல. தள்ளிக்கிட்டு வர்றவங்ககிட்ட பெரும்பாலும் டூல் இருக்கத்தான் செய்யும். பளபளன்னு சாக்கெட் செட்டைத் திறந்து காட்டுவாங்க. ஆனா அவங்க வண்டி பின் ஆக்ஸில் நட்டுக்கு ஆகுற சைஸ் மட்டும் அதுல இருக்காது.

அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயந்திரத்தை ஒதுக்குங்க. வீட்டு வாசல்லயே சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தைக் கழட்டி மாட்டுங்க. அடுத்து முன் சக்கரம். பேட்டரி டெர்மினல், மிரர், கிளட்ச் லீவர், கேபிள் அட்ஜஸ்டர் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. எந்த ஸ்பானர், எந்த அலன் கீ கைக்கு வந்துச்சோ அதை மட்டும் ஒரு துணி மேல எடுத்து வைங்க. அந்தத் துணியைச் சுருட்டினா அதுதான் உங்க கிட். பக்கத்து வீட்டு பல்சருக்கு ஆகுற ஸ்பானரை நீங்க ஏன் கொல்லிமலைக்குச் சுமக்கணும்?

பின்னாடி டிஸ்க் இருந்தா ஒண்ணு கவனம். சக்கரம் வெளிய இருக்கும்போது பிரேக்கை மிதிச்சிடாதீங்க. பிரேக் பேடு ரெண்டும் நெருங்கிடும், அப்புறம் டிஸ்க் நடுவுல நுழையாது. அட்டையை மடிச்சு பேடுக்கு நடுவுல செருகி வச்சுட்டு வேலையைப் பாருங்க.

இப்ப பஞ்சருக்கு வருவோம். பின்பக்கம் ஆட ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க. "அடுத்த ஊர்ல கடை இருக்கும்"னு காத்து இல்லாம ஓட்டுறவங்கதான் எங்ககிட்ட ட்யூப் விலையும் சேர்த்துக் குடுக்குறாங்க. காத்து இறங்கின டயர் ரிம்முல வழுக்கும், ட்யூப்பையும் கூடவே இழுக்கும், வால்வு அடியோட பிய்ஞ்சிடும். அதுக்குப் பேட்ச் கிடையாது.

சக்கரத்தை மெதுவா உருட்டிப் பாருங்க. நம்ம பக்கம் ஆணியைவிட சீமைக்கருவேல முள்தான் அதிகம். விறகு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டர்ல இருந்து ரோட்டோரம் உதிர்ந்து கிடக்கும். குத்தின இடம் கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சா, சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். எல்லாப் பஞ்சர் கடையிலயும் நாங்க செய்றது இதான்: வால்வு ஊசியைக் கழட்டி மிச்சக் காத்தை விட்டுட்டு, அந்த இடத்துல மட்டும் டயர் விளிம்பைக் காலால மிதிச்சு ரிம்மை விட்டு இறக்குவோம். ரெண்டு லீவரைப் போட்டு ஒரு பக்க விளிம்பை வெளிய எடுத்து, கையை விட்டு அந்தப் பகுதி ட்யூப்பை மட்டும் உருவுவோம். மிச்ச ட்யூப் உள்ளயே கிடக்கும். ஓட்டை வால்வுக்குப் பக்கத்துல இருந்தா மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

உப்புத்தாளால நல்லாத் தேய்ங்க. சொல்யூஷனை மெல்லிசாத் தடவிட்டுச் சும்மா நில்லுங்க. விரல் முட்டியால தொட்டா ஒட்டக்கூடாது, அந்தப் பதம் வந்த பிறகுதான் பேட்ச். மேல வெயில் கொளுத்தும், கூட வந்தவன் "போட்டுத் தொலைடா"ம்பான், அப்பவும் பொறுங்க. ஈரத்துலயே ஒட்டின பேட்ச் ரோடு சூட்டுக்கு மெல்ல எழும்பி வந்துடும். ஒட்டினதும் லீவர் முதுகால அழுத்தித் தேய்ச்சு விடுங்க.

ட்யூப்பை உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி, துணியை விரல்ல சுத்தி டயர் உள்பக்கத்தைத் தடவுங்க. முள்ளு வெளிய முறிஞ்சு போயிருக்கும், முனை மட்டும் ரப்பருக்குள்ள நிக்கும். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதைப் பிளேயரால பிடுங்காம எந்த ட்யூப் போட்டாலும் காலிதான். ட்யூப்பைத் திரும்ப வைக்கும்போது லேசாக் காத்து அடிச்சு உருண்டையா வச்சுக்கோங்க. சப்பையா இருந்தா லீவர் கவ்விப் புது ஓட்டை போட்டுடும்.

ஆக, பஞ்சருக்கு மட்டும் டயர் லீவர் ரெண்டு, பேட்ச், சின்னச் சொல்யூஷன் ட்யூப் ரெண்டு, உப்புத்தாள், வால்வு கீ, கைப்பம்பு. சொல்யூஷன் ஏன் ரெண்டுன்னா, ஒரு தடவை ஓட்டை போட்டுத் திறந்தது அடுத்த மாசம் எடுத்தா காய்ஞ்சு கல்லாயிருக்கும். ஸ்பேர் ட்யூப் ஒண்ணுதான் வைக்க இடம்னா 18 இன்ச் பின் ட்யூப்பை வைங்க. முன் சக்கரம் புரட்டி விடுற ஆணியைப் பின் சக்கரம்தான் வாங்கிக்கும். ட்யூப்புக்குப் பவுடர் போட்டு ஒரு பழைய சாக்ஸுக்குள்ள திணிச்சிடுங்க. ஸ்பானரோட உரசிக்கிட்டே வந்தா பைக்குள்ளயே பஞ்சர் ஆயிடும்.

அடுத்தது கிளட்ச் கேபிள். புதுக் கேபிள் ஒண்ணு வாங்கி எண்ணெய் விட்டு, பழைய கேபிள் போற வழியிலேயே கூடச் சேர்த்துக் கேபிள் டையால கட்டி விட்ருங்க. ரெண்டு முனையிலயும் டேப் சுத்திடணும், இல்லாட்டி தண்ணி இறங்கித் துரு ஏறும். பழைய புல்லட்காரங்க செய்றது இது. அறுந்தா பழசை முனைகள்ல கழட்டிட்டுப் புதுசை மாட்ட வேண்டியதுதான், டேங்கைத் தூக்குற வேலை இல்ல. பையிலயும் இடம் மிச்சம். கேபிள் பெரும்பாலும் லீவர்கிட்ட இருக்கிற குண்டுப் பக்கத்துலதான் இழை இழையாப் பிரியும். மாசத்துக்கு ஒரு தடவை அங்க எட்டிப் பாருங்க.

மிச்சமெல்லாம் பொடி சாமான். உங்க வண்டியில இருக்கிற அதே ஆம்பியர்ல ஃப்யூஸ் ரெண்டு ரெண்டு (ஃப்யூஸ் போச்சுன்னு சிகரெட் பாக்கெட்ல இருக்கிற வெள்ளித் தாளைச் சுத்திப் போட்டா வயரிங்கே எரியும்), செயின் லாக் (அறுந்த செயினைச் சேர்த்து மாட்டுற இணைப்பு) ஒண்ணு, கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், கேபிள் டை, எம்-சீல், ஒரு தலை டார்ச். செயின் லாக் சைஸைக் கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, செயின் பக்கத் தகட்டுலயே நம்பர் அடிச்சிருக்கும். லாக் கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்.

---

சேலத்து யெஸ்டி சொன்னது:

அண்ணே, இத்தனை எதுக்கு? ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்து வச்சிருந்தா ஒரு போன்தான். வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கையில கிரீஸ் ஆகாம ஊர் வந்து சேரலாம்.

---

கோவை ஹண்டர் சொன்னது:

யெஸ்டி அண்ணா, ஹைவேஸ்ல நீங்க சொல்றது சரிதான். நேஷனல் ஹைவேன்னா 1033 உதவி எண் கூட இருக்கு. ஆனா மலைப்பாதையில பாதி இடத்துல போனே எடுக்காது. எடுத்தாலும் வண்டி தூக்குற வேன் கொல்லிமலையோட 70 வளைவு ஏறி வர்றதுக்குள்ள இருட்டிடும்.

உறையூர் அண்ணாவுக்கு என் பங்குக்கு ஒண்ணு. பஞ்சர் கடை அண்ணா சொன்ன சனிக்கிழமை வேலையை அவசியம் செய்ங்க. அதுல ஒரு விஷயம் கையில உறைக்கும். சர்வீஸ் சென்டர்ல நியூமேட்டிக் கன்னால (காத்தழுத்தத்துல முறுக்குற மெஷின்) முறுக்கின ஆக்ஸில் நட்டு, கிட்ல வர்ற குட்டி ஸ்பானருக்கு அசையாது. எனக்கு 48 கிலோ எடை. ஸ்பானரைத் தரைக்கு இணையா மாட்டி மேல ஏறி நின்னா ஸ்பானர்தான் வளையுது. நான் நீளமான ரிங் ஸ்பானர் ஒண்ணு வாங்கிட்டேன். அதோட மறு முனையே டயர் லீவர் மாதிரி தட்டையா இருக்கிறதால ஒரு சாமான் குறைஞ்சது. இடம் இருந்தா ஸ்பானர்ல செருகுற அளவுக்கு ஒரு ஜான் இரும்பு பைப் வச்சுக்கலாம். வீட்டுல ஒரு தடவை கழட்டி, நட்டுல லேசா கிரீஸ் தடவி, அளவா டைட் வச்சுட்டா ரோட்டுல பாடு குறையும்.

என்னோடது டியூப்லெஸ். வால்பாறை, கல்லட்டி ரோடு எல்லாத்துக்கும் கம்பி ரெண்டு, அதை வச்சு ஓட்டையில செருகுற ரப்பர் ஸ்ட்ரிப் கொஞ்சம், காத்தடிக்க சார்ஜ் போடுற குட்டி இன்ஃப்ளேட்டர், இவ்வளவுதான். ஸ்ட்ரிப்பும் பழசானா விறைச்சுப் போகும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுவேன். 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சைக்கிளுக்குச் சரி. நம்ம பின் டயருக்கு ஒண்ணு பத்தவே பத்தாது.

---

உறையூர்க்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பஞ்சர் கடை அண்ணே, ரெண்டு சந்தேகம். இதையெல்லாம் முதுகுப் பையிலயே போட்டுக்கலாமா? அப்புறம் இது எஃப்.ஐ. வண்டி (ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் கிடையாது). பேட்டரி இறங்கிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியுமா?

---

துறையூர் பஞ்சர் கடை:

முதுகுல இரும்பே கூடாது தம்பி. விழுந்தா முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல அந்த ஸ்பானர்தான் இருக்கும். பழைய ஜீன்ஸ் பேன்ட் ஒரு காலை வெட்டி, நீளவாக்குல தையல் போட்டு ஸ்பானருக்கு ஒண்ணு ஒண்ணா அறை வச்சுடுங்க. சுருட்டிக் கட்டினா சத்தமும் வராது, ரோட்டோரம் விரிச்சா எது குறையுதுன்னும் உடனே தெரியும். கனமானதை கேரியர்ல எவ்வளவு கீழ கட்ட முடியுமோ அவ்வளவு கீழ கட்டுங்க. கட்டுறதுக்கு பஞ்சி கயிறு (முனையில ஹூக்கு வச்ச எலாஸ்டிக் கயிறு) வேண்டாம், பக்கிள் வச்ச பட்டை வாங்குங்க. ஹூக்கு தெறிச்சுக் கண்ணுல அடிக்கும். முதுகுப் பையில தண்ணி, மழைக்கோட்டு, மருந்துப் பை, பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை நோட்டு இருந்தா போதும். மலையில ஜிபே கதை நடக்காது.

எஃப்.ஐ. வண்டியில பெட்ரோலை மேல ஏத்துறதே பேட்டரி கரன்ட்ல ஓடுற பம்புதான். இக்னிஷன் போட்டதும் அந்தப் பம்பு "ஸ்ஸ்..."னு ரெண்டு செகண்டு ஓடுற சத்தம் கேக்குதா? கேட்டா, செல்ஃப் சுத்தலைன்னாலும் செகண்ட் கியர்ல வச்சு இறக்கத்துல விட்டா பிடிக்க வாய்ப்பு உண்டு. சத்தமே இல்ல, மீட்டரும் அணைஞ்சு கிடக்குன்னா தள்ளித் தள்ளி மூச்சு வாங்காதீங்க. முதல்ல டெர்மினல் நட்டைப் பாருங்க. குலுங்கிக் குலுங்கிக் கழண்டிருக்கும், நிறைய பேருக்கு அதோட தீர்ந்துடும். அடுத்து மெயின் ஃப்யூஸ். ரெண்டும் சரியா இருந்தும் உயிர் வரலைன்னா இன்னொரு வண்டி பேட்டரியில இருந்து வயர் குடுக்கணும். தடிப்பான வயர்ல ரெண்டு கிளிப் போட்டது கூட்டத்துல ஒருத்தர்கிட்ட இருந்தா போதும், எல்லாரும் சுமக்க வேண்டாம்.

யெஸ்டி தம்பிக்கும் ஒண்ணு: அசிஸ்டன்ஸ் எடுத்து வைங்க, தப்பே இல்ல. எஞ்சினே போச்சுன்னா நான் சொன்ன பை ஒண்ணுத்துக்கும் ஆகாது. முள்ளுக்கும் கேபிளுக்கும் அசிஸ்டன்ஸ் வேனுக்காக மூணு மணி நேரம் காத்திருக்க முடியாதில்ல. நீங்க எல்லாம் கிளம்புறதே ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு மதியத்துக்கு மேல எங்க ஊர்ப் பக்கம் மெக்கானிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். என் கடையும் அப்படித்தான், பக்கத்து டீக்கடையில கேட்டீங்கன்னா வீட்டுல இருந்து கூப்பிட்டு விடுவாங்க.

கொல்லிமலைக்கு இந்த வாரமே போறீங்கன்னா நாமக்கல்லயே டேங்கை ரொப்பிக்கோங்க. காரவள்ளி தாண்டினா வளைவு எண்ணத்தான் நேரம் இருக்கும்.