சுட்ட படங்கள்: நம்ம மலையில் கண்டதைச் சொல்லுங்கள்

நாம் எடுத்த புகைப்படத்தை இன்னொருவர் திருடித் தன் படமாகப் போட்டால் என்ன செய்வது? நான்கு மலையூர்க்காரர்கள் சொன்னது இது.

கொடைக்கானல்:
தூண் பாறையில் எல்லோரும் ஒரே கம்பிவேலிக்குப் பின்னால் நின்றுதான் எடுக்கிறார்கள். அதனால் படத்தைச் சுட்டவரைக் கேட்டால், "நானும் அங்கேதான் நின்னேன்" என்பதுதான் முதல் பதில். இதற்கு மேகம்தான் சாட்சி. பாறை இடுக்கில் அது கிழிந்து நிற்கும் வடிவம் ஓரிரு நொடியில் மாறிவிடும். அதே கிழிசல் அதே இடத்தில் இன்னொருவர் கேமராவில் விழாது. ஆகவே நாலைந்து ஃப்ரேம் எடுத்து, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்காதீர்கள். முன்னும் பின்னுமாக எடுத்த ஃப்ரேம் திருடியவரிடம் இருக்காது.

பதிவேற்றும் முன் நான்கு பக்கமும் 5 சதவீதம் வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரம் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். தகராறு வந்தால், "இடது ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, காட்டுங்க" என்று கேட்டாலே பேச்சு நின்றுவிடும். கேமரா பதிந்த மூலக் கோப்பான ரா ஃபைல் இருந்தால் இன்னும் பலம்.

குன்னூர்:
ஓரம் வெட்டுவது சரி. ஆனால் மூலையில் பெயர் போடுகிறார்களே, அது வீண் வேலை. ஒரு வெட்டில் போய்விடும். வானத்தின் நடுவில் போட்டாலும் போனிலேயே விரலால் தேய்த்து எடுத்துவிடலாம். போட்டே தீர வேண்டுமென்றால் முகம், தண்டவாளம், பெயர்ப்பலகை என நுணுக்கம் மிகுந்த இடத்தின் மேல் மெல்லிசாகப் போடுங்கள். அங்கே அழித்தால் தழும்பு தெரியும்.

பதிவேற்றும் படத்துக்கு நீளப் பக்கம் 1080 பிக்சல் போதும். அதைத் திருடி 12 அங்குலக் காலண்டரில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்தான் வரும். தெளிவான அச்சுக்கு 300 வேண்டும். ஏஐ வைத்துப் பெரிதாக்கலாம்தான். ஆனால் தேயிலைக் கொழுந்து மெழுகு மாதிரி வழவழக்கும், பலகை எழுத்து ஜிலேபியாகும்.

கோத்தகிரி:
எங்கள் பக்கம் காலண்டரைவிட ஹோம்ஸ்டே படம்தான் அதிகம் களவு போகிறது. பால்கனி, அதற்கு அந்தப்பக்கம் பள்ளத்தாக்கு, மேசையில் டீ கப். அதே படம், வேறு பெயர், வேறு போன் நம்பர், பாதி வாடகை. அட்வான்ஸை யுபிஐயில் வாங்கியதும் நம்பர் அணைந்துவிடும். மே சீசனில் குடும்பமே பெட்டியோடு வந்து நிற்கும். மலைக்கு வர 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் வண்டிக்கானது. அறை நிஜமா என்று அது பார்க்காது.

ஹோம்ஸ்டே உரிமையாளர்களே, பெயரைப் படத்தின் மேல் ஒட்டாமல், பால்கனிக் கைப்பிடியிலேயே பலகையாக அடித்து, அது தெரியும்படி எடுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் படத்தை கூகுள் லென்ஸில் போட்டு, வேறெங்காவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். களவாணிகள் கண்ணாடிபோல் இடவலம் திருப்பிப் போடுவதுண்டு. அதனால் உங்கள் படத்தைத் திருப்பி வைத்தும் ஒருமுறை தேடவேண்டும். தங்க வருபவர்கள் வீடியோ காலில் பால்கனியை "இப்போ காட்டுங்க" என்று கேட்கலாம். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். தாமதமானால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஊட்டி:
படம் எடுத்தவருக்கே உரிமை, பதிவு கட்டாயமில்லை. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் அப்படித்தான். ஆனால் கூலிக்கு எடுத்தால் கதை வேறு. ரிசார்ட்டோ கல்யாண வீட்டாரோ காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்கள்தான் முதல் உரிமையாளர். உரிமை தங்களுக்கே என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளாத ஸ்டூடியோக்காரர்கள் பிறகு வாய் திறக்க முடியாது.

திருட்டுப் படம் வந்த இணையதளத்திடம் நீக்கச் சொல்லும்போது அசல் படம், திருட்டுப் படத்தின் முழு முகவரி, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அனுப்புங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் சண்டை. விதிப்படி புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் படத்தை மறைக்கவேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வரவில்லையென்றால் திரும்பக் காட்டலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கொடைக்கானல்:
ஒன்று விட்டுப்போச்சு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் உள்ளே பதிந்த தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்பட அப்படியே போகும். சோலையில் ஆர்க்கிட், பறவைக்கூடு எடுப்பவர்கள் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள். அங்கே களவு போவது படமாக இருக்காது.