வலைப்பதிவின் பக்கப்பட்டையில் (ஓரப் பத்தியில்) படங்கள் மாறி மாறித் தோன்ற என்ன வழி?

கோட்டைவாசி, வேலூர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தொல்லிடங்களைப் பற்றி பிளாக்கர் என்னும் கூகுள் வலைப்பதிவுத் தளத்தில் எழுதி வருகிறேன். வேலூர்க் கோட்டை அகழி, ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள், ஆற்காட்டின் டெல்லி வாயில், மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் குடைவரை ஆகியவற்றின் படங்களைப் பக்கப்பட்டையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட விரும்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே ஜிஃப் (அசையும் பட) கோப்பாக இணைத்தால் பக்கம் திறக்க நெடுநேரம் ஆகிறது. தூண்களிலுள்ள யாளிகளும் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. வேறு வழி உண்டா?

பாலாற்றங்கரை:
ஜிஃப் கோப்பின் ஒவ்வொரு சட்டகத்திலும் 256 வண்ணங்களுக்கு மேல் இடமில்லை என்பதால், கருங்கல்லின் நுண்ணிய நிழல்கள் அப்படித்தான் சிதையும். படங்களைத் தனித்தனி ஜேபெக் கோப்புகளாகவே ஏற்றுங்கள். பிறகு 'லேஅவுட்' பகுதியில் நாமே நிரல் எழுதிச் சேர்க்க உதவும் 'எச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட்' கேட்ஜெட்டைச் சேர்த்து, படங்களின் முகவரிகளை ஒரு பட்டியலாகக் கொடுத்து, குறித்த இடைவெளியில் அடுத்த முகவரிக்கு மாறும்படி சில வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். பிளாக்கர் தரும் பட முகவரியில் 'எஸ்1600' என்று இருந்தால் அதை 'எஸ்300' என மாற்றுங்கள். நீளமான பக்கம் 300 பிக்சலாகக் குறைந்த படமே வாசகருக்குச் செல்லும்.

ஆற்காட்டான்:
மேலே சொன்னது சரியே. ஆனால் தூண் நெடுக்குப் படம், அகழி கிடைப் படம். இரண்டும் மாறும்போதெல்லாம் கீழேயுள்ள பதிவுப் பட்டியல் ஏறி இறங்கி, படிப்பவருக்கு எரிச்சலூட்டும். படம் தோன்றும் கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் முதலிலேயே நிலையாகக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் குறிமொழி தானாகவே வெட்டிப் பொருத்தும் என்றாலும், நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு யாளியின் தலையை எடுத்துவிடும். எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை நீங்களே பார்த்து வெட்டுவதுதான் நல்லது.

ஏலகிரியான்:
என் கருத்து சற்று வேறு. கட்டுரையைப் படிக்கும்போது ஓரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தால் கவனம் சிதறும். தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. எனவே, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலிலிருந்து ஒரு படத்தை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்துக் காட்டினால், பக்கமும் இலகுவாகும், ஒரே படம் மட்டுமே இறங்கும்.

கோட்டைவாசி, வேலூர்:
மிக்க நன்றி ஐயா. குலுக்கல் முறையே எனக்கும் ஏற்றதாகப் படுகிறது. படத்தைச் சொடுக்கினால் அதற்குரிய கட்டுரை திறக்குமாறு செய்ய முடியுமா?

ஏலகிரியான்:
முடியும். பட்டியலில் ஒவ்வொரு பட முகவரிக்கும் அருகில் கட்டுரையின் முகவரியையும், படம் தோன்றாவிட்டால் காட்ட வேண்டிய ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து வையுங்கள். பல வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்டுகளில்) கைப்பேசியில் பக்கப்பட்டை பதிவுகளுக்குக் கீழே போய்விடும். எனவே முக்கியமான படத்தைக் கட்டுரைக்குள்ளும் இட்டுவிடுங்கள்.