சிவப்பு மண்ணில் ஓயாமல் கத்தும் டிடெக்டர்

கேள்வி: தங்கம் தேடக் கையில் இருப்பது 18 கிலோஹெர்ட்ஸ் விஎல்எஃப் (மிகக் குறைந்த அலைவரிசையில் இயங்கும்) மெட்டல் டிடெக்டர். இரும்புச்சத்துள்ள சிவப்பு மண்ணில் காயிலை (தரைமேல் வீசும் தேடு வட்டு) அசைத்தாலே கத்துகிறது. சென்சிடிவிட்டியைக் குறைத்தால் 0.2 கிராம் தங்கத் துணுக்குகூட அகப்படவில்லை. பல்ஸ் இண்டக்‌ஷன் (துடிப்பு துடிப்பாக மின்னோட்டம் அனுப்பும் வகை) வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1: முதலில் கிரவுண்ட் பேலன்ஸைப் (மண்ணின் சிக்னலை நீக்கும் அமைப்பு) பாருங்கள். உலோகமே இல்லாத இடத்தில் காயிலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்கிக்கொண்டே சரிசெய்யுங்கள். த்ரெஷோல்ட் ஓசை (பின்னணியில் எப்போதும் மெல்ல ஒலிப்பது) ஏறவோ இறங்கவோ கூடாது. மண்ணின் நிறம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரிய காயில் ஒரே நேரத்தில் அதிக மண்ணின் சிக்னலை வாங்குவதால் இரைச்சலும் கூடும். 5, 6 அங்குல டபுள்-டி காயில் (இரண்டு D வடிவச் சுருள் கொண்டது) போட்டு, தரையை ஒட்டி மெதுவாக வீசுங்கள்.

பதில் 2: டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். சிறு தங்கம் திரையில் அலுமினியத் தாளுக்கு வரும் எண்ணிலேயே விழும். இந்த மாதிரி மண்ணில் இரும்பாகக்கூடக் காட்டும். சத்தம் வந்தால் தோண்டுங்கள். மண்ணைப் பிளாஸ்டிக் ஸ்கூப்பில் அள்ளிப் பாதி பாதியாகப் பிரித்துக் காயிலுக்கு மேல் காட்டினால் துணுக்கு சீக்கிரம் சிக்கும்.

பதில் 3: துணுக்குதான் இலக்கு என்றால் 45 கிலோஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள விஎல்எஃப் போதும். பல்ஸ் இண்டக்‌ஷன் ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டிகளுக்கு. பொடித் தங்கத்தில் எழும் மின்னோட்டம், பல பழைய பல்ஸ் மாடல்கள் அளக்கத் தொடங்கும் முன்பே அடங்கிவிடும்.